தொட்டியில் சேஜ் செடி: இலை நிறம் மாறி உதிர்ந்தால் வேலூர்க்காரர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும்?

சேஜ் ஒரு சமையல் மூலிகை. நான் வாங்கிய முதல் செடி பதினெட்டு நாள் இருந்தது. இரண்டாவது ஐந்து வாரம். மூன்றாவது தை, மாசி எல்லாம் தாண்டி சித்திரை வரை வந்து, கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் மொட்டைக் குச்சியாக நின்றது. நாலாவது செடிக்கு இப்போது இரண்டு வயது. நடுவில் அதுவும் ஒருமுறை மஞ்சளாகி என் வயிற்றைக் கலக்கியது. இந்த நாலு செடிகளிடமும் அடிபட்டுக் கற்றதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். வீடு சத்துவாச்சாரியில், மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, போர் தண்ணீர். உங்கள் வீடு காட்பாடியோ ராணிப்பேட்டையோ ஆம்பூரோ, நிலைமை பெரும்பாலும் இதேதான்.

இணையத்தில் கிடைக்கும் சேஜ் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. "முழு வெயிலில் வையுங்கள்" என்பார்கள். அவர்கள் ஊர் முழு வெயில் நம் ஊரில் காலை ஒன்பது மணியோடு முடிந்துவிடும்.

படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள். ஐந்தாம் படிக்கு முதலிலேயே தாவினால் நல்ல வேரையும் கெடுத்துவிடுவீர்கள். நான் கெடுத்தேன்.

1. அது சேஜ்தானா?

சிரிக்காதீர்கள். நம் பக்கத்து நர்சரிகளில் "சால்வியா" என்று கேட்டால் சிவப்புப் பூ பூக்கும் அழகுச்செடியை எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் சால்வியா இனம்தான், ஆனால் சமையலுக்கு ஆகாது. சிலர் கற்பூரவல்லியையே சேஜ் என்று விற்கிறார்கள். சமையல் சேஜின் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். இலை நீள்வட்டமாக, சாம்பல் பூத்த பச்சையில், தொட்டால் வெல்வெட் போலவும் உற்றுப் பார்த்தால் தவளைத் தோல் போலவும் இருக்கும். கற்பூரவல்லி இலை தடித்து, கிள்ளினால் நீர் கசியும். சேஜ் இலையில் அந்தச் சதைப்பற்று கிடையாது.

இதிலேயே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஊதா நிறச் சேஜ், வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த மூவண்ணச் சேஜ் என்று வகைகள் இருக்கின்றன. அவற்றின் நிறமே அப்படித்தான். வாங்கும்போதே அந்த நிறம் இருந்தால் நோய் என்று பதற வேண்டாம். இரண்டு, இலை மேல் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய வெண்ரோமத்தைப் பார்த்துச் சாம்பல் நோய் என்று மருந்தடிப்பது. விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி விரலில் ஒட்டினால்தான் நோய்.

சேஜ், துளசிக்கும் புதினாவுக்கும் ஒரே குடும்பத்துச் சொந்தம். அந்தச் சொந்தத்தை நம்பித்தான் முதல் செடியைக் கொன்றேன். புதினாவுக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் ஊற்றினேன். மத்திய தரைக்கடல் பக்கத்துக் காய்ந்த மலைச்சரிவுச் செடி அது. காய்ந்து காய்ந்து குடித்துப் பழகியது.

2. ஒரு நாள் எதையும் தொடாதீர்கள். குறித்து வையுங்கள்

மஞ்சள் இலையைப் பார்த்ததும் கை பரபரக்கும். உரம் போடுவோம், இடம் மாற்றுவோம், தண்ணீர் ஊற்றுவோம், வேப்பெண்ணெய் அடிப்போம். நாலையும் ஒரே நாளில் செய்தால் எது குணமாக்கியது, எது கொன்றது என்று கடைசி வரை தெரியாது.

அதனால் முதலில் ஆவணம். ஒரு பழைய நோட்டில் இவற்றை எழுதுங்கள்: செடி வாங்கிய தேதி, நர்சரி எந்த ஊரிலிருந்து இறக்கியது, தொட்டி அளவும் வகையும், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய நாள், எந்தத் தண்ணீர், என்ன உரம் எப்போது, வெயில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. பிறகு செல்போனில் நாலு படம்: முழுச் செடி, பாதித்த இலையின் மேல்புறம், அதன் அடிப்புறம், தண்டு மண்ணைத் தொடும் இடம். வெயிலில் எடுக்காதீர்கள், நிறம் வெளுத்துத் தெரியும். இதை வைத்திருந்தால் நர்சரியிலோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ யாரிடம் காட்டினாலும் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். இல்லாவிட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி கம்மியா ஊத்தியிருப்பீங்க சார்."

நர்சரி எந்த ஊரிலிருந்து இறக்கியது என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. இங்கே வரும் மூலிகைச் செடிகளில் பல பெங்களூரிலிருந்து நெடுஞ்சாலை வழியாக வருபவை. அந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், நாம் 220 மீட்டர் பக்கம். நிழல்வலைக்குள் குளுகுளுவென்று வளர்ந்ததை இங்கே இறக்கி அன்றைக்கே பால்கனி வெயிலில் வைத்தால், முதல் பத்து நாளில் அடியிலைகளைக் கொட்டிவிட்டுத்தான் மூச்சு வாங்கும். புதுச்செடியில் நாலைந்து அடியிலை விழுவதை மட்டும் வைத்து வைத்தியம் தொடங்காதீர்கள்.

3. எந்த இலை, இலையில் எந்த இடம்?

முக்கால்வாசி பதில் இந்தப் படியிலேயே கிடைத்துவிடும். செடியின் முன்னால் முக்காலி போட்டு உட்காருங்கள்.

அடியிலைகள் முழுதாக மஞ்சள், லேசாகத் தொட்டாலே கையோடு வருகின்றன, மண் ஈரமாக இருக்கிறது: தண்ணீர் அதிகம், வேர் மூச்சுத் திணறுகிறது. இலை மெத்தென்று தொங்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி நின்றால் வேரழுகல் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் "பாவம், தாகம்" என்று இன்னொரு சொம்பு ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

அடியிலைகள் மெதுவாக வெளிறுகின்றன, மண் ஈரம் சரியாக இருக்கிறது, செடி ஒரே தொட்டியில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது: தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஒரு பிடி மண்புழு உரம் போதும். மாதம் ஒன்றிரண்டு பழுத்த இலை விழுவது நோயே இல்லை, வயசு.

உச்சியில் புதுத்தளிர் மஞ்சள், ஆனால் நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. நம் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் மண்ணைக் காரமாக்கிவிடும், மண்ணின் அமில-கார அளவான பி.எச். 7.5-ஐத் தாண்டினால் இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடும். என் நாலாவது செடிக்கு வந்தது இதுதான். இதே மாதிரி நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளாவது அடியிலையில் தெரிந்தால் அது மெக்னீசியக் குறை. உச்சியா அடியா என்பதைப் பார்க்காமல் உரக்கடையில் போய் நின்றால் தவறான பாக்கெட்டோடுதான் திரும்புவீர்கள்.

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகி மொறுமொறுவென்று நொறுங்குகிறது: உப்பு, அல்லது மண் அடியோடு காய்ந்து போனது. தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் படலம் இருந்தால் உப்பு என்றே முடிவு செய்யுங்கள். எங்கள் தெருவில் நான் பார்த்த தொட்டிகளில் பாதிக்கு மேல் இந்தப் படலம் உண்டு.

வெயில் படும் பக்கத்து இலைகளில் மட்டும் வெளுத்த திட்டு, பிறகு காகிதம் போலாவது: வெயில் சுட்டது. செடியைத் திருப்பிப் பார்த்தால் சுவர்ப் பக்க இலை நன்றாக இருக்கும்.

இலை மேல் ஊசியால் குத்தியது போல் வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை: சிலந்திப்பேன். வெயில் காலத்து வியாதி.

செடியின் நடுவில், காற்றுப் புகாத இடத்தில் இலை கறுத்து ஈரமாக அழுகுவது: ஐப்பசி, கார்த்திகை மழையின் வேலை. அழுகியதைக் கிள்ளி, நடுவில் இரண்டு கிளையை வெட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள்.

ஒரே ஒரு கிளை மட்டும் காய்கிறது: அந்தக் கிளையின் அடியைப் பாருங்கள். ஒடிந்திருக்கும், அல்லது மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மெலிந்திருக்கும். கீழே பச்சை தெரியும் வரை வெட்டிவிடுங்கள். முழுச் செடிக்கும் வைத்தியம் வேண்டாம்.

4. தூக்கிப் பாருங்கள், குச்சி விட்டுப் பாருங்கள்

மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது நம் ஊரில் ஏமாற்று வேலை. காலை ஊற்றினால் பத்து மணிக்கு மேலே தூசு பறக்கும், அடியில் சேறாக இருக்கும். தென்னை ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். அடிப்பாதியில் ஈரமண் ஒட்டியிருந்தால் இன்று தண்ணீர் இல்லை. பிறகு தொட்டியைத் தூக்கி எடையைக் கைக்குப் பழக்குங்கள். நன்றாக ஊற்றிய அன்று ஒருமுறை, காய்ந்த அன்று ஒருமுறை. ஒரு வாரத்தில் கையே சொல்லிவிடும்.

குச்சியை இரண்டு இடத்தில் விடுங்கள்: ஓரத்தில் ஒன்று, தண்டுக்கு இரண்டு விரல் தள்ளி ஒன்று. என் இரண்டாவது செடி போன கதை இந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. நர்சரியில் செடி கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், வளர்ந்திருந்தது. தாய்மண்ணைக் கலைக்கக் கூடாது என்ற நம் ஊர் விதிப்படி அப்படியே செம்மண்ணுக்குள் இறக்கினேன். கோகோபீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் மறுபடி தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றிய தண்ணீரெல்லாம் சுற்றியிருந்த செம்மண்ணில் இறங்கி ஓட, நடுவில் வேர் இருந்த கட்டி கருவாடு போலக் காய்ந்து கிடந்தது. தொட்டி ஈரம், செடி பட்டினி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. கண்டுபிடித்த அன்று செடி இல்லை.

நடுக்கட்டி மட்டும் காய்ந்திருந்தால், தொட்டியை ஒரு பக்கெட் தண்ணீரில் விளிம்பு வரை இருபது நிமிடம் இறக்கி வைத்து, குமிழி நின்றதும் எடுத்து வடிய விடுங்கள்.

5. வேரைப் பார்ப்பது

ஈர மண், வாடிய செடி என்ற கூட்டணி இருந்தால் மட்டும் இந்தப் படி. மாலை ஆறு மணிக்கு மேல் செய்யுங்கள். தொட்டியைச் சாய்த்துத் தட்டி, கட்டியோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்நார் மட்டும் நிற்கும், சாக்கடை வாடை வரும். பாதிக்குக் கீழ் அழுகியிருந்தால் காப்பாற்றலாம்: அழுகியதை வெட்டி, மேலே கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஒன்பதாம் படியில் சொல்லும் புதுக்கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். முக்கால்வாசி போயிருந்தால் செடியை மறந்துவிட்டு, பச்சையாக இருக்கும் நுனிகளைப் பதியனுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பத்தாம் படிக்குப் போகலாம்.

வடிகால் துளையையும் அப்போதே பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டிகளில் துளைக்கு அடையாளம் மட்டும் போட்டு, குத்தாமலே விற்கிறார்கள். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடுவதும் துளை இல்லாததும் ஒன்றுதான்.

6. தண்ணீர்

மூன்றாவது செடியிடம் மேலே சொன்ன தவறு எதையும் செய்யவில்லை. அளவாக ஊற்றினேன், கோகோபீட்டைக் கலைத்து நட்டேன். ஆனாலும் நுனி கருகியது. நுனி கருகுகிறதே என்று உரம் போட்டேன், இன்னும் கருகியது. கடைசியில் 250 ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வீட்டுத் தண்ணீரையெல்லாம் அளந்தேன். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போர் தண்ணீர் 1,640. ஆர்.ஓ. மெஷின் கழிவுக் குழாயில் வருவது 2,400. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் 310. ஏ.சி.யிலிருந்து சொட்டுவது 20.

நான் அதுவரை ஊற்றியது ஆர்.ஓ. கழிவு. வீணாகப் போகிறதே என்ற நல்லெண்ணம். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பையெல்லாம் சேர்த்து செடிக்கு ஊட்டியிருக்கிறேன்.

கணக்கு எளிது. 500-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 500 முதல் 1,400 வரை ஊற்றலாம், ஆனால் அவ்வப்போது மண்ணை அலச வேண்டும். அதற்கு மேல் தொட்டிச் செடிக்கு வேண்டாம். நிலத்தில் இருக்கும் செடிக்கு மழை வந்து உப்பை அடியில் இறக்கிவிடும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும், அடுத்த சொம்போடு இன்னும் சேரும். குடிநீருக்கான இந்தியத் தர விதியே 500-ஐ விரும்பத்தக்க அளவாகவும், வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. மனிதன் குடிக்கலாம் என்பதால் தொட்டிச் செடிக்கும் ஆகும் என்று நினைக்காதீர்கள். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பாலாற்றுக் கரையூர்களில் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டாயம் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

அபார்ட்மெண்டில் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வைத்திருந்தால் அந்த நீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. வாளியில் கறை படியாது, செடி படுத்துவிடும். எலுமிச்சை பிழிந்து ஊற்றச் சொல்வார்கள். காரம் குறையும், உப்பு குறையாது. கொதிக்க வைத்து ஆற்றினாலும் கொஞ்சம் சுண்ணாம்பு படியுமே தவிர மற்ற உப்பு அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் எதை ஊற்றுவது? காவிரித் தண்ணீர் வரும் நாளில் செடிக்கென்று ஒரு மூடி போட்ட பக்கெட்டை நிரப்பி வையுங்கள். முதல் இரவு மூடியைத் திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும். கோடையில் ஏ.சி. தண்ணீர் ராத்திரிக்குள் பாதி பக்கெட் சேரும். மழைக் காலத்தில் மொட்டை மாடிக் குழாயடியில் ஒரு டிரம். சேஜ் ஒன்றும் குடிகாரச் செடி கிடையாது. வாரம் மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் ஒரு தொட்டியை ஓட்டிவிடலாம்.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டியை அலசும் முறை: 8 அங்குலத் தொட்டி சுமார் 4 லிட்டர் மண் பிடிக்கும். அதன் மூன்று மடங்கு, 12 லிட்டர் நல்ல தண்ணீரை ஒரு மணி நேரத்தில் மூன்று தவணையாக மெதுவாக ஊற்றி முழுக்க வடிய விடுங்கள். மேலே படிந்த வெள்ளைப் படலத்தை அரை அங்குல மண்ணோடு முதலிலேயே சுரண்டி எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதையே கரைத்து உள்ளே இறக்குவீர்கள். வடிகால் நன்றாக இருக்கும் தொட்டிக்குத்தான் இது. களிமண் நிரப்பிய தொட்டியில் செய்தால் ஐந்தாம் படி வேரழுகலில் போய் முடியும்.

மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். எந்த உப்பு, எவ்வளவு காரம் என்று தெரிய வேண்டுமானால் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். வேலூர் பக்கத்தில் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கிளம்பும் முன் போன் செய்து கட்டணத்தையும், மாதிரி வாங்கும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தொட்டிக்காக இவ்வளவு தூரமா என்று தோன்றினால், ஒரே போரிலிருந்து எடுக்கும் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மாதிரி கொடுங்கள்.

தண்ணீர் மாதிரி எடுக்க: மோட்டாரைப் போட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட விட்ட பிறகு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். அன்றே கொண்டு போங்கள். மண் மாதிரி என்றால் அரைக் கிலோ, நிழலில் உலர்த்தி, துணிப்பையில். இரண்டிலும் ஒட்ட வேண்டிய சீட்டு: பெயர், முகவரி, போன் எண், தேதி, போரின் ஆழம், என்ன செடி. பந்துமுனைப் பேனாவில் எழுதி, மாதிரி நனைந்தாலும் அழியாதபடி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள். என் சீட்டு மழையில் கரைந்து, இரண்டாவது முறை பஸ் ஏறினேன். ஆதார் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். வயல் மண்ணுக்கான படிவத்தில் சர்வே எண் கேட்கும் கட்டம் உண்டு, அந்த இடத்தில் "வீட்டுத் தோட்டம், தொட்டி" என்று எழுதலாம். என் முடிவுத்தாள் பத்து நாளில் வந்தது. அதை நோட்டில் ஒட்டி வையுங்கள், செடி மாறினாலும் போர் மாறாது. போகவே முடியாதவர்களுக்கு உழவர் அழைப்பு மையம் இருக்கிறது: 1800-180-1551, இலவசம், தமிழில் பேசலாம். இரண்டாம் படியில் எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

7. வெயிலும் தரைச்சூடும்

நம் கோடை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், சுற்றியிருக்கும் பாறை மலைகள் ராத்திரியும் சூட்டைக் கக்கும். பங்குனி தொடங்கி ஆனி வரைக்கும் சேஜுக்குக் காலை வெயில் பத்து, பத்தரை வரை போதும். பிறகு நிழல், அல்லது 50 சதவீத நிழல்வலை. மேற்குப் பார்த்த பால்கனி என்றால் வலை கட்டாயம்.

இலையைவிட வேர்தான் அதிகம் சுடுபடும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்தால் மதியம் தொட்டியைக் கையால் பிடிக்க முடியாது. இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அல்லது பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் தேங்காய் நார் அடையுங்கள். மண் தொட்டி நல்லது, பக்கவாட்டில் ஈரம் கசிந்து குளிர்ச்சி தரும். அதே வழியில் உப்பும் வெளியே வந்து பூக்கும், தேய்த்துக் கழுவினால் போகும். மதியம் வாடி, மாலை ஏழு மணிக்குத் தானாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம். தண்ணீர் வேண்டாம்.

இடம் மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில், நாளுக்கு அரைமணி நேரமாக.

8. பூச்சி

வெள்ளைத் தாளுக்கு மேலே இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் சிலந்திப்பேன். மூன்று நாளைக்கு ஒருமுறை இலை அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டரில் 3 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல். மாலையில் மட்டும். சேஜ் இலையின் ரோமத்தில் எண்ணெய் தங்கி அடுத்த நாள் வெயிலில் பொரிந்துவிடும் என்பதால் முதலில் ஒரே இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். வாயில் வைக்கப் போகும் இலை, ரசாயனப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

9. கலவையும் செலவும்

செம்மண் ஒரு பங்கு, பெருமணல் அல்லது பெர்லைட் (எடையில்லாத வெள்ளைப் பாறைத் துகள்) ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு, கழுவிய கோகோபீட் அரைப் பங்கு. மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்டால் சல்லடையில் சலித்து மாவை நீக்கிவிடுங்கள். அந்த மாவு துளையை அடைத்து சிமெண்ட் போலாகும். கோகோபீட்டிலும் இயல்பாக உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊற வைத்துப் பிழியுங்கள்.

நான் கொடுத்தது: 8 அங்குல மண் தொட்டி 90, பெர்லைட் ஒரு கிலோ 160, கோகோபீட் சின்னக் கட்டி 60, மண்புழு உரம் 5 கிலோ 100, வேப்பெண்ணெய் சின்னப் பாட்டில் 80, டி.டி.எஸ். மீட்டர் 250. மொத்தம் 740. இறந்த மூன்று செடிகளின் விலை தனி, அதை வீட்டில் சொல்லவில்லை.

இரும்புக் குறைக்கு உரக்கடையில் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) என்று கேளுங்கள், நிலக்கடலைக்காரர்கள் வாங்குவது. லிட்டருக்கு 2 கிராம், மாலையில், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை இலைமேல் தெளித்தேன். புதுத்தளிர் பச்சையாக வந்தது. தண்ணீரை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் மாதம் தவறாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

போடக் கூடாதவை: முட்டை ஓடு (ஏற்கெனவே காரமான மண்ணுக்கு இன்னும் சுண்ணாம்பு), சர்க்கரையோடு டீத்தூள் (எறும்பு), வாரம் மூன்று முறை அரிசி கழுவிய தண்ணீர் (புளித்துக் கொசு மாதிரி ஈ பறக்கும்), வாடிய செடிக்கு யூரியா. கீழ்வீட்டு அக்கா புளித்த மோர் ஊற்றச் சொன்னார்கள். மோர் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றிப் பழகியவர்கள். மோரில் உப்புப் போட்டிருந்ததைக் கேட்க மறந்துவிட்டேன்.

இந்த மண்ணிலும் தண்ணீரிலும் வேலூர் முள் கத்தரி என்ன அழகாகக் காய்க்கிறது, 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. சேஜிடம் அந்த நெஞ்சுரத்தை எதிர்பார்க்க முடியாது.

10. எத்தனை நாளில் தெரியும், எப்போது கைவிடுவது

மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. கருகிய நுனியும் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து "குணமாகவில்லை" என்று அடுத்த மருந்துக்குப் போகாதீர்கள். பார்க்க வேண்டியது கணுவில் வரும் புதுத்துளிர். தண்ணீர்ப் பிரச்சினை என்றால் இரண்டு மூன்று வாரம், வேரழுகலிலிருந்து மீள்வதற்கு ஒன்றரை மாதம், வெயில் சுட்டதற்குப் பத்து நாள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு.

கோடையில் புதுத்துளிரே வராமல் செடி சும்மா நிற்கும். அதுவும் சாவில்லை. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் நிழலில் விட்டுவிடுங்கள், ஆடி மழைக்குத் துளிர்க்கும். அடிவரை பழுப்பு என்றால் தொட்டியைக் காலி செய்யலாம். அந்த மண்ணை வெயிலில் இரண்டு வாரம் பரப்பாமல் அடுத்த சேஜுக்குப் போடாதீர்கள்.

செடி வாங்க நல்ல காலம் கார்த்திகைக் கடைசி முதல் தை வரை. சித்திரையில் நர்சரியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வாருங்கள். பதியனுக்கும் அதே மாதங்கள்தான்: பூக்காத கிளை நுனியில் நாலு அங்குலம் வெட்டி, அடியிலைகளை நீக்கி, ஈரமான பெர்லைட்டும் கோகோபீட்டும் கலந்ததில் செருகி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்க்கும், அதுதான் அடையாளம். தாய்ச்செடி நன்றாக இருக்கும்போதே ஆறு குச்சி செருகி வைத்தால் குறைந்தது மூன்று தேறும்.

போன மார்கழியில் எனக்கு நாலு தேறியது. ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வாசல் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் அளவாக விழும். மோர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.